நாற்பத்து நான்கு வயதில் அலைச்சறுக்கு



ஆண்டிறுதி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். யார் எங்கே போய் வந்தீர்கள் என்று ஆசிரியர் அறையில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் குடும்பத்தோடு பழனிக்கும் மதுரைக்கும் சென்று வந்திருந்தார். இன்னொருவர் வீட்டிற்குச் சாயம் பூசி முடித்திருந்தார். என் முறை வந்தபோது, "பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரைக்குப் போய் அலைச்சறுக்குக் கற்றேன்" என்றேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு மூத்த ஆசிரியர், "இந்த வயசுல உங்களுக்கு ஏன் டீச்சர் இந்த வேலை?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார். மணி அடித்துவிட்டதால் சிரித்துவிட்டு வகுப்பிற்குப் போய்விட்டேன். அவருக்குச் சொல்லவேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, அலைக்காகத் தீபகற்பத்தின் மறுகரை வரைக்கும் ஏன் போகவேண்டும்? நம்மைச் சுற்றிலும் கடல்தானே? உண்மைதான். ஆனால், நம்முடைய கடல் அலைச்சறுக்கிற்கு உதவாது. கடலலையைப் பெரும்பாலும் உண்டாக்குவது காற்று. அது எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம், எவ்வளவு அகன்ற நீர்ப்பரப்பின் மீது வீசுகிறதோ அந்த அளவிற்கு அலை வளரும். நமக்கு மேற்கே சுமத்திரா நீளப் படுத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலின் பேரலைகளை மறித்துவிடுகிறது. மலாக்கா நீரிணையோ ஒடுங்கியது. ஆகவே பத்து பெரிங்கியிலும் தஞ்சோங் பூங்காவிலும் நாம் காண்பவை பெரும்பாலும் கணுக்காலை நனைக்கும் சிற்றலைகளே. கிழக்குக் கரை அப்படியன்று. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் பரந்த வெளியைக் கடந்து வந்து அங்கே அலைகளைக் கொண்டு சேர்க்கிறது. மழைக்காலம் என்று மற்றவர்கள் கிழக்குக் கரையைத் தவிர்க்கும் அந்த மாதங்களில்தான் குவாந்தானுக்கு வடக்கே உள்ள செராத்திங்கில் அலைச்சறுக்குப் பள்ளிகள் களைகட்டுகின்றன.

இது புவியியல். எங்கள் வீட்டில் இதற்கு வேறொரு பெயர் இருந்தது: தண்ணீரில் கண்டம். நான் பிறந்தபோது சாதகம் கணித்தவர் அப்படிச் சொன்னாராம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் அம்மா என்னைக் குளம், ஆறு, கடல் எதையும் அண்டவிடாமல் வளர்த்தார். இதை எழுதும்போதே உங்களில் பலர் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கண்டம்! சீனப் பிள்ளைகளுக்கும் மலாய்ப் பிள்ளைகளுக்கும் இல்லாத கண்டம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று நான் சிறுவயதில் கேட்டதுண்டு. "வாயாடாதே" என்பதே விடையாக வந்தது.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. ஞாயிற்றுக்கிழமை. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் அன்று பத்து பெரிங்கிக்குக் குளிக்கப் போவதாக இருந்தார்கள். மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட்டதால் போகவில்லை. காலை ஒன்பது மணியளவில் சுமத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. நண்பகல் கடந்த பின் கடல் நம் கரைக்கு ஏறி வந்தது. மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள். அவர்களில் பலர், என் தம்பியைப் போலவே ஞாயிற்றுக்கிழமையைக் கடற்கரையில் கழிக்கப் போனவர்கள். அதன்பின் அம்மாவிடம் கடலைப் பற்றிப் பேச எங்களில் எவருக்கும் துணிவில்லை. மாசி மகத்தன்று கரையில் நின்று ஒரு கை நீரள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார். அவ்வளவே அவருக்கும் கடலுக்கும் உள்ள உறவு.

அம்மாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, 'ரஜுலா' போன்ற கப்பல்களின் தளத்தில் படுத்துக் கிடந்து பினாங்கு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வந்தவர்களில் பலர் முதலில் பார்த்தது ஜெரேஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமைத்தான். அங்கிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். கடல் அவர்களுக்கு ஊரையும் உறவையும் பிரித்த ஒன்று. அதில் விளையாடலாம் என்ற எண்ணம் எப்படி வரும்? ஆனால், அந்த அச்சத்தை நான்காம் தலைமுறைக்கும் சொத்தாக எழுதி வைக்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி. விடுமுறை நாள்களில் ஆற்றிலும் நீர்வீழ்ச்சியிலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் மூழ்கிப்போன பிள்ளைகளைப் பற்றி நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளையும் என்றாவது ஒருநாள் கூட்டாளிகளோடு போகத்தான் செய்கிறான். நீந்தத் தெரியாமல் போகிறான்.

அலைச்சறுக்கிற்கு முன்னால் நீச்சல் தெரியவேண்டும். நாற்பத்து மூன்றாம் வயதில் நான் ஒரு பொது நீச்சல் குளத்தில், சனிக்கிழமைக் காலை வகுப்பில் சேர்ந்தேன். உடை குறித்த தயக்கத்தை நம் ஊர் மலாய்ப் பெண்களே தீர்த்து வைத்துவிட்டார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் முழுக்கை நீச்சலுடை எல்லா அளவிலும் கிடைக்கிறது. வகுப்பில் மொத்தம் எண்மர். என்னைத் தவிர ஏனைய எழுவரும் பத்து வயதிற்கு உட்பட்டவர்கள். அவர்களில் எங்கள் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியும் இருந்தாள். முதல் நாள் நான் நீருக்குள் முகத்தை வைக்க அஞ்சி நின்றபோது அவள் என்னிடம் மெதுவாக, "டீச்சர், மூக்கப் பிடிக்காதீங்க. மூச்ச வெளிய விடுங்க" என்றாள். அவள் சொன்னதே சரி. மிதக்க ஐந்து வாரம் பிடித்தது. குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் நீந்தப் பதினொரு மாதம்.

அதற்குப் பிறகே செராத்திங். கணவர் காரோட்ட, பதின்மூன்று வயது மகளும் நானுமாகப் போனோம். அம்மாவிடம் குவாந்தானுக்குச் சுற்றுலா என்று மட்டும் சொல்லியிருந்தேன். மூன்று காலை வகுப்புகள். பயிற்றுநர் உள்ளூர் மலாய் இளைஞர். என் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும். என்னைக் 'கக்' என்று அழைத்தார். மலாயில் அக்காள் என்பதன் சுருக்கம்.

முதல் ஒரு மணி நேரம் கடலில் இறங்கவே விடவில்லை. மணலில் விரலால் பலகையின் வடிவத்தை வரைந்து, அதன்மேல் குப்புறப் படுக்கச் சொன்னார். கைகளால் மணலைத் துழாவவேண்டும். அலை தள்ளும்போது நெஞ்சருகே கையூன்றி உடலை உயர்த்தவேண்டும். ஒரே மூச்சில் இரு கால்களையும் உடலுக்கடியில் கொண்டுவந்து குந்தி நிற்கவேண்டும். எந்தக் கால் முன்னால் வருகிறது என்று பார்த்தார். பெரும்பாலோருக்கு இடக்கால் முன்னே வருமாம், எனக்கு வலக்கால். இப்படி நிற்பவரை ஆங்கிலத்தில் 'கூஃபி' என்கிறார்கள். அசடு என்று பொருள்படும் சொல். பலகையையும் காலையும் பிணைக்கும் கயிற்றைப் பின்னால் நிற்கும் காலில்தான் கட்டவேண்டும். ஆகவே எனக்கு அதை வலக்காலிலிருந்து அவிழ்த்து இடக்காலில் கட்டினார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. இடக்கையால் எழுதும் பிள்ளைகளின் விரல்களை நம் முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பது நினைவிற்கு வந்தது. என் அக்காள் இன்றும் வலக்கையால் எழுதுகிறார், இடக்கையால் காய் நறுக்குகிறார்.

பிறகு இடுப்பளவு நீருக்குப் போனோம். தொடக்க நிலையில் இருப்பவர்களை அலை எழும்புகிற இடத்திற்குக் கொண்டுபோவதில்லை. அலை உடைந்து வெண்ணுரையாய்க் கரையை நோக்கி வரும் பகுதியில்தான் பழக்குகிறார்கள். ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி தரையில் உரசித் தாமதிக்க, மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. அதனால்தான் அலை எப்போதும் கரைக்கு அருகே உடைகிறது. ஒன்பது அடி நீளமுள்ள மென்னுரைப் பலகையைக் கொடுத்தார்கள். விழுந்தால் அடிபடாது, அகலமாதலால் எளிதில் கவிழாது. விதிகள் மூன்று. பலகையை உனக்கும் அலைக்கும் நடுவே வைக்காதே. விழும்போது தலைகீழாய்ப் பாயாமல் தட்டையாக விழு. மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு வா. கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறவேண்டும் என்பதையும் மணலில் கோடு போட்டுக் காட்டினார். இந்த ஒரு செய்தியையாவது உங்கள் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவைக்குமாறு வேண்டுகிறேன்.

முதல் நாள் நான் ஒருமுறைகூட எழுந்து நிற்கவில்லை. இருபது வரை எண்ணினேன், அதற்குப்பின் எண்ணவில்லை. எழுவதற்குரிய படிநிலைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். கேட்டிருந்தால் கரும்பலகையில் எழுதி விளக்கியிருப்பேன். ஆனால், அலை பின்னாலிருந்து தள்ளும் அந்தக் கணத்தில் கைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் தனித்தனியே ஒப்பிக்கிற பிள்ளை, இரண்டையும் கூட்டி ஒரு சொல்லை வாசிக்கச் சொன்னால் திணறுகிறதே, அதேதான். அச்சமும் சேர்ந்துகொண்டது. பயிற்றுநர் 'பாங்குன், பாங்குன்', அதாவது எழு, எழு என்று கத்தியது என் காதில் விழவே இல்லை என்றால் நம்புவீர்களா? உப்பு நீர் மூக்கில் ஏறும்போது அறிவுரை காதில் ஏறாது.

அவர் கற்பித்த முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முதல் நாள் முழுவதும் அவர் ஒன்றே ஒன்றைத்தான் திருத்தினார்: "கக், கீழே பார்க்காதீர்கள், கரையிலுள்ள தென்னையைப் பாருங்கள்." என் கால் வைப்பும் தவறு, கையூன்றும் இடமும் தவறு. அவற்றைப் பற்றி மூச்சே விடவில்லை. மறுநாள் காலைப் பற்றி மட்டும் பேசினார். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்டேன். "நேற்றுச் சொல்லியிருந்தால் இரண்டையும் விட்டிருப்பீர்கள்" என்றார். இதையே எங்களுக்குப் பயிற்சிக் கழகத்தில் கல்வி உளவியல் விரிவுரையில் பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் எழுதித் தேர்ச்சி பெற்றேன். ஆனால், என் மாணவர்களின் கட்டுரைப் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். ஒற்றுப்பிழை, லகர ளகரப் பிழை, பத்தி பிரிக்காமை, கையெழுத்து என்று எல்லாவற்றிற்கும் ஒரே நாளில் சிவப்பு மை. இருபது ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன்.

அன்று மாலை மகள் கைப்பேசியில் எடுத்த படக்காட்சியைக் காட்டினாள். (அவள் முதல் நாளே எழுந்து நின்றுவிட்டாள். பதின்மூன்று வயது, உடல் இலேசு, அச்சம் குறைவு.) அந்தப் படத்தில் ஒரு பெண் பலகையின்மேல் குப்புறப் படுத்திருக்கிறாள். அலை வருகிறது. பலகை கொஞ்சம் நகர்கிறது. பெண் உருண்டு நீரில் விழுகிறாள். மறுபடியும் படுக்கிறாள். என் தோள்கள் இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்துக்கொண்டிருந்த வேளையில் மகள் சொன்னாள்: "அம்மா, நீங்க டிரை பண்ணவே இல்ல. சும்மாதான படுத்திருந்தீங்க."

எனக்குச் சினம் வந்தது. அடுத்த கணமே ஒரு பிள்ளையின் முகம் நினைவிற்கு வந்தது.

என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன். வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன். வகுப்பறை மதிப்பீட்டில் அவனுடைய அடைவுநிலை கீழ்மட்டத்திலேயே நின்றது. வாசிக்கச் சொன்னால் விரலை எழுத்தின்மேல் வைத்துக்கொண்டு வெறுமனே நிற்பான். இதழ்கள் அசையும், ஒலி வராது. ஆண்டு நடுவில் பெற்றோருக்கு அனுப்பும் அறிக்கையில் நான் அவனுக்கு, "முயற்சி போதாது" என்று எழுதினேன். மறுநாள் காலை சபைகூடலுக்கு முன்பு என்னிடம் வந்து, "டீச்சர், முயற்சின்னா என்னா?" என்று கேட்டான். அறிக்கையை யார் படித்துச் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். அப்பா இரவு வேலை முடிந்து வந்து கையொப்பம் இட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். அவனே எழுத்துக் கூட்டிப் படித்தானாம். நான் பரபரப்பில் இருந்தேன். "வீட்டில் ஒழுங்காகப் படிப்பது" என்று விளக்கம் சொல்லி அவனை வரிசைக்கு அனுப்பிவிட்டேன்.

ஐந்தெழுத்தும் ஆறெழுத்துமாக முழு ஆண்டும் திணறிய ஒரு பிள்ளை, இரவில் தனியாக உட்கார்ந்து, தன்னைப் பற்றி எழுதப்பட்ட இரண்டு சொற்களைக் கூட்டிப் படித்திருக்கிறான். அச்சொற்களை எழுதியவள் நான். இது எனக்கு உறைக்கச் செராத்திங் கடல் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் நான் எழுந்து நின்றேன். மூன்று வினாடி இருக்கும். படத்தில் பார்த்தால், தொலைத்த காதணியைத் தேடுபவள்போல் குனிந்துகொண்டு நிற்கிறேன். இருந்தால் என்ன! காலடியில் கடல் ஓடியது. அந்த மூன்று வினாடியை எழுத்தில் சொல்லும் ஆற்றல் எனக்கில்லை.

இனி, இது வெள்ளைக்காரர்களின் விளையாட்டு, நமக்கெதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஹவாய்த் தீவினரின் கலையாகிய அலைச்சறுக்கு, டோக்கியோ ஒலிம்பிக்கில்தான், 2021இல், முதன்முதலாக இடம்பெற்றது. ஆனால், அலையின்மேல் நின்று பிழைத்தவர்கள் நம்மவர்களிலும் உண்டு. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு கப்பல்கள் நடுக்கடலில்தான் நங்கூரமிடும். உடையும் அலைகளைத் தாண்டிப் பயணிகளையும் சரக்கையும் கரைசேர்த்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். கப்பலுக்குக் கடிதங்களைக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். அந்தக் கட்டுமரம் என்ற சொல்லைத்தான் ஆங்கிலம் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டது.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் இருக்கிறார். சிறுவனாக மரப்பலகையை வைத்துக்கொண்டு அலையில் விளையாடியவர். உண்மையான சறுக்குப் பலகையை அவர் கண்டது இளைஞரான பிறகுதான். கர்நாடகத்தின் முல்கியில் அலைச்சறுக்குச் சங்கம் நடத்திய ஜாக் ஹெப்னர் என்ற அமெரிக்கர் கோவளம் வந்தபோது அவரிடம் சற்று நேரம் இரவல் வாங்கிச் சறுக்கிப் பார்த்தார். பின்னர் 2012இல் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி எழுந்தது. மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் அங்கே கற்றார்கள். குடியும் புகையும் கூடாது என்பது மூர்த்தி வைத்த விதி. அருகிலுள்ள மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அப்போட்டியின் தனிநபர் பிரிவில் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார்.

ஆயினும் என் மனத்தை அதிகம் தொட்டது இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பை. உலகெங்குமிருந்து சறுக்குவோர் வரும் விரிகுடா அது. உள்ளூர் ஆண்களும் சறுக்குவார்கள். பெண்கள் கரையில் நிற்பார்கள். சமாலி சஞ்சயா என்ற பெண்ணின் சகோதரர் பெயர்பெற்ற அலைச்சறுக்கு வீரர். அவரோ 2011இல் அண்டைவீட்டு அமெரிக்கப் பெண்மணி ஒருவர் அழைத்த பிறகே பலகையோடு கடலில் இறங்கினார். 2018இல் அந்நாட்டின் முதல் மகளிர் அலைச்சறுக்குச் சங்கம் அங்கே அமைந்தது. உறுப்பினர்களில் பிள்ளை பெற்ற தாய்மார்களும் உண்டு. சமையல், பிள்ளை, கணவர் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் போய் விழுந்து எழுகிறார்கள். கோவளம், அறுகம்பை இரண்டும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கிய கரைகள். அந்தப் பெண்களுக்கும் அம்மா இருந்திருப்பார், அவருக்கும் அச்சம் இருந்திருக்கும்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். ஆண்டுதோறும் எத்தனையோ பணிமனைகளுக்குப் போகிறோம். குளிரூட்டிய மண்டபத்தில் அமர்ந்து, நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் படவில்லைகளில் பார்த்துவிட்டு வருகிறோம். அங்கே நாம் எவரும் தோற்பதில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியரின் வேலையோ நாள்தோறும் தோற்கிற பிள்ளைகளோடு இருப்பது. ஆகவே ஆண்டிற்கு ஒருமுறையேனும், உங்களால் முடியாத ஒன்றில், உங்களைவிட இளையவர்கள் நடுவே, முதல் நாள் மாணவராகப் போய் உட்காருங்கள். அலைச்சறுக்கிற்குப் பணமும் பெட்ரோலும் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். மிருதங்கமோ மண்பாண்டமோ சீன எழுத்தோ எதுவாயினும் சரி. உங்களுக்கு அது எளிதில் வந்துவிட்டால் வேறொன்றிற்கு மாறிவிடுங்கள்.

பெற்றோர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டுக் குளக்கரை நாற்காலியில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் அப்பாக்களையும் அம்மாக்களையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கிறேன். அங்கிருந்தே, "காலை நல்லா உதை! பயப்படாதே!" என்று கட்டளையும் வருகிறது. அவர்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. நீங்களும் இறங்குங்கள். நீங்கள் இருமித் துப்பித் தண்ணீர் குடிப்பதை உங்கள் பிள்ளை ஒருமுறை பார்க்கட்டும். பள்ளியில் உடற்கல்விப் பாடத்தில் நீர்ப் பயிற்சி பற்றிய பகுதி வரும்போது, குளம் இல்லாத எங்களைப் போன்ற பள்ளிகள் திடலில் நிற்கவைத்துக் கையசைக்கச் சொல்கின்றன. அதை நம்பி இருக்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒரு பேருந்து பிடித்துப் பிள்ளைகளைப் பொதுக் குளத்திற்கு அழைத்துப்போனால்கூடப் பெரிய புண்ணியம். எங்கள் பள்ளியில் இதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆபத்து என்று இருவர் மறுத்திருக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளைகளோடு நேரே கடலுக்குப் போய்விட வேண்டாம். நம் பினாங்குக் கடலில் பெட்டிச் சொறிமுட்டைகள் உண்டு. பத்து பெரிங்கியில் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். கிழக்குக் கரையிலோ பருவமழைக் காலத்தில் செங்கொடி பறந்தால் பயிற்றுநர்களே இறங்கமாட்டார்கள். முதலில் குளம், முறையான பயிற்றுநர், பிறகு மற்றவை.

அந்த மாணவன் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறான். நான் அவனுடைய வகுப்பாசிரியை இல்லை. வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. வாரம் இருமுறை ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்து பத்து நிமிடம் வாசிக்கிறான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்துகிறேன். சென்ற வாரம் அவனிடம் அந்தப் படக்காட்சியைக் காட்டினேன். இருமுறை பார்த்துவிட்டு, "ரொம்ப வலிச்சுச்சா டீச்சர்?" என்று கேட்டான்.

அம்மாவிடமும் இறுதியில் காட்டவேண்டியதாயிற்று, மகள் உளறிவிட்டாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த எடத்துல கால் எட்டுமா?" என்று கேட்டார். எட்டும் அம்மா, இடுப்பளவுதான் என்றேன்.

"அடுத்த தடவ சொல்லிட்டுப் போ" என்றார்.